அச்சு வெச்சு வரைஞ்சா அழுகுணி ஆட்டமா?

மார்கழி மாசம் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். நடைபாதையில சாக்கை விரிச்சு கோல அச்சு விப்பாங்க. தகரத் தட்டுல பொடிப் பொடியா ஓட்டை போட்டு தாமரை, மயில், சங்கு, பிள்ளையார்னு விதவிதமா இருக்கும். தட்டைத் தரையில வெச்சு, மேல கோலமாவைக் கொட்டி, கையால ஒரு தடவு தடவி எடுத்தா மயில் ரெடி. பத்து செகண்ட் வேலை. அதை வாங்கறவங்களைப் பார்த்து நம்ம ஊர்ப் பெரியவங்க சொல்ற வசனமும் உங்களுக்குத் தெரியும்: "கை வராதவ வாங்கறதுடீ அது."

அச்சுன்னாலே நமக்கு ஒரு இளக்காரம்தான். புள்ளி வெச்சு கையால இழுத்தாத்தான் கோலம், தகரத் தட்டு அழுகுணி ஆட்டம். ஸ்டிக்கர் கோலமெல்லாம் மகா பாவம், அதுக்குக் கருட புராணத்துல தனியா ஒரு தண்டனை இருக்கும்னு நெனைக்கிறேன் :-)

இந்த இளக்காரம் நம்ம சொத்துன்னு நெனச்சுட்டிருந்தேன். மெல்பர்ன் வந்தப்புறம் அதே வசனத்தை இங்கிலீஷ்ல கேட்டேன்.

இங்க ஒரு பொது மண்பட்டறைக்கு வாரம் ஒரு நாள் போறேன். (மாஸ்டர்ஸ் பண்ணப் போனவன் சட்டி பானை பண்ணிட்டிருக்கானான்னு அம்மா கேக்கறது தனிக் கதை.) அங்க யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தர் வர்றாங்க. கையாலேயே தட்டு செய்வாங்க. பழைய பேப்பரை சின்னக் கத்திரியால வெட்டி, பனையோலை, நந்தியாவட்டை, மீன் முள்ளுன்னு உருவம் எடுத்து, அதைத் தட்டுல ஒட்டி வண்ணம் போடுவாங்க. போன வருஷம் ஒரு வாரக்கடைசி கைவினைச் சந்தையில கடை போட விண்ணப்பிச்சாங்க. அந்தச் சந்தைக்காரங்க பதில் இப்படி வந்துச்சு: இங்கே கையால் அலங்கரித்த பாண்டங்களுக்கு மட்டுமே இடம், ஸ்டென்சில் வைத்துச் செய்தவை அந்த வகையில் வராது. மாவை வெச்சுத் தடவறதுக்கு நம்ம பாட்டிங்க சொன்ன அதே தீர்ப்பு, லெட்டர்ஹெட்ல.

அக்கா கோவப்படல. அந்தக் கடுதாசியை எனக்குக் காட்டி, "தாளை வெட்டினது ஆற்ற கை தம்பி? என்ர கைதானே?" அப்படின்னு மட்டும் கேட்டாங்க.

கேள்வி மண்டைக்குள்ள உக்காந்துடுச்சு. ஆற்ற கை? அந்தக் குடைச்சல்ல ஒரு செமஸ்டர் லீவு முழுக்க நூலகத்துல பீங்கான் புத்தகமா பொறுக்கினதோட விளைவுதான் இந்தப் பதிவு. நீளம் ஜாஸ்தி. டீ போட்டுட்டு வந்துடுங்க.

முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு சொல்லிடறேன், இல்லன்னா பின்னாடி வர்ற சரித்திரம் விளங்காது. ஸ்டென்சில்ல அடிப்படையா ரெண்டே வகை. ஒண்ணு மறைக்கற தாள். உருவத்தை வெட்டி பாண்டத்து மேல ஒட்டிட்டு, சுத்திலும் வண்ணம் பூசிட்டு, தாளை உரிச்சா தாள் இருந்த எடம் மட்டும் மண் நிறத்துல நிக்கும். இன்னொண்ணு திறக்கற தாள். தாள்ல உருவத்தை ஓட்டையா வெட்டி எடுத்துட்டு, அந்த ஓட்டை வழியா வண்ணத்தை ஒத்தி எடுக்கறது. கோலத் தட்டு ரெண்டாவது வகை. அக்காவோடது முதல் வகை.

அக்கா வேலையில நேரம்தான் எல்லாம். தட்டு பாதி காய்ஞ்சு, தோல் மாதிரி விறைப்பா இருக்கற பதத்துல, தண்ணியில நனைச்ச நியூஸ்பேப்பரை ஒட்டணும். நியூஸ்பேப்பர்தான் நல்லது, மெல்லிசா இருக்கறதால வளைவுல படியும். அது மேல வண்ணம் கலந்த களிமண் கரைசலை பிரஷ்ஷால பூசணும். பூசினதும் ஈரம் பளபளன்னு தெரியும். அந்தப் பளபளப்பு மங்கற நேரம் பார்த்து ஊசி முனையால தாளைத் தூக்கணும். கொஞ்சம் முந்தினா கரைசல் உள்ள வழியும், கொஞ்சம் பிந்தினா ஓரம் பொரிஞ்சு உதிரும். இட்லி மாவு புளிப்பு பார்க்கற மாதிரி, கண்ணுக்குத்தான் தெரியும், கடிகாரத்துக்குத் தெரியாது.

இப்ப சரித்திரம். ஆரம்பத்துலேர்ந்து போலாம்.

சிட்னிக்கு மேற்கே சுமார் 65 கிலோமீட்டர்ல ப்ளூ மவுண்டன்ஸ் அடிவாரத்துல கிளென்புரூக்னு ஒரு ஊர். அங்கேர்ந்து காட்டுக்குள்ள நடந்தா 'சிவப்புக் கைகள் குகை' வரும். தருக் மக்களோட பூமி. பாறைச் சுவர்ல சிவப்பு, மஞ்சள், வெள்ளைக் காவியில கை கையா தெரியும், இப்ப தடுப்புக்குப் பின்னால. 500லேர்ந்து 1,600 வருஷத்துக்கு முந்தி உண்டானதா கணக்கு சொல்றாங்க. இங்க விக்டோரியாவுலயும், கரிவெர்ட் மலைகள்ல மான்ஜா குகைன்னு இருக்கு, அங்கயும் கைகள். கிராம்பியன்ஸ்ங்கறது அந்த மலைக்கு வெள்ளைக்காரங்க வெச்ச பேரு. செய்முறை சுலபம். காவியைத் தண்ணியில குழைச்சு வாயில வெச்சுக்கிட்டு, சுவர்ல கையைப் பதிச்சு வெச்சு, கையைச் சுத்தி ஊதணும். கையை எடுத்தா கை இருந்த எடம் வெறும் பாறை.

மறைக்கற தாள் வகை, பார்த்தீங்களா. தாளுக்குப் பதிலா கை. இந்தோனேசியாவுல சுலவேசித் தீவுல மாரோஸ் பக்கத்துக் குகைகள்ல இதே மாதிரி ஒரு கை, குறைஞ்சது 39,900 வருஷப் பழசுன்னு ஆஸ்திரேலிய-இந்தோனேசிய ஆய்வாளர்கள் 2014ல சொன்னாங்க. மனுஷன் மண்ணைச் சுட்டுப் பாத்திரம் பண்றதுக்கு ரொம்ப ரொம்ப முந்தி. இதைப் பார்த்துட்டு வந்து "ஸ்டென்சில்ல ஆளோட முத்திரை இல்ல"ன்னு யாராவது சொன்னா எனக்குச் சிரிப்புதான் வருது. பிரஷ்ல வரைஞ்ச கையில விரல் நீளம் தப்பா இருக்கலாம். இதுல இருக்கவே முடியாது.

பாறையை விட்டுட்டுப் பாத்திரத்துக்கு வருவோம். மண்பாண்டத்துல தாளை வெட்டி ஒட்டி அலங்கரிக்கறதுல எனக்குத் தெரிஞ்சு உச்சத்தைத் தொட்டவங்க சீனாவுல ஜியாங்ஷி மாகாணத்து ஜிஜோ சூளைக்காரங்க. தெற்கு சோங் காலம், அதாவது 12, 13ம் நூற்றாண்டு. நம்ம பக்கம் பிற்காலச் சோழர்கள் கடைசி ரவுண்டு ஓடிட்டிருந்த நேரம். ஊர்ப்புறத்துல பண்டிகைக்கு ஜன்னல்ல ஒட்டற காகித வெட்டு இருக்கு பாருங்க, அதே மாதிரி ஃபீனிக்ஸ் பறவை, பிளம் பூ, மங்கல எழுத்துன்னு வெட்டுவாங்க. தேநீர்க் கிண்ணத்துக்கு முதல்ல கருப்பு கிளேஸ். அது மேல காகிதத்தை ஒட்டுவாங்க. அதுக்கு மேல வெளிர் நிறத்துல இன்னொரு கிளேஸ். அப்புறம் சூளை. வெளியில வந்தா ஆமை ஓடு மாதிரி திட்டுத் திட்டான பழுப்புல கன்னங்கரேல்னு பறவை பறக்கும். சில கிண்ணத்துல காகிதம்கூட இல்ல, நிஜ இலையையே வெச்சுச் சுட்டிருக்காங்க. இலை எரிஞ்சு போய், நரம்பு நரம்பா அதோட தடம் மட்டும் கிண்ணத்து அடியில கெடக்கும். தேநீர் குடிச்சு முடிக்க முடிக்க இலை மேல வரும். இந்த ரசனைக்கு முன்னாடி என்னத்தைச் சொல்ல.

பெரிய எடத்து ஆளுங்க அந்தக் காலத்துல கொண்டாடினது ஃபூஜியான் பக்கத்து ஜியான் கிண்ணங்களை. அதுல கிளேஸ் தானா ஓடி முயல் ரோமம் மாதிரி கோடு விழும். ஜிஜோ சூளைக்காரங்க சாமானிய மண்ணையும் கிராமத்துக் கத்திரியையும் வெச்சுக்கிட்டு அவங்களோட போட்டி போட்டாங்கன்னுதான் நான் பார்க்கறேன்.

இங்க ஒரு தொழில்நுட்பச் சிக்கலைப் பத்திப் பேசியாகணும். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான், பொறுத்துக்குங்க.

லாரி மேலயும் அரிசி மூட்டை மேலயும் ஸ்டென்சில்ல எண் எழுதியிருக்கறதைப் பார்த்திருப்பீங்க. 0ங்கற எண்ணுல மேலயும் கீழயும் சின்ன இடைவெளி இருக்கும், 8லயும் அப்படித்தான். ஏன்? தாள்ல 0 வடிவத்தை வெட்டினா நடுவுல இருக்கற வட்டத்துக்குப் பிடிமானம் இல்லாம கீழ விழுந்துடும். அதனால ரெண்டு பக்கமும் ஒரு பாலம் விட்டுத்தான் வெட்டணும். மூடின கோடு எங்க வந்தாலும் உள்ள ஒரு தீவு உண்டாகும், தீவுக்குப் பாலம் வேணும். இப்ப நம்ம சிக்குக் கோலத்தை ஒரு தாள்ல வெட்டறதா நெனச்சுப் பாருங்க. ஆரம்பிச்ச எடத்துலயே முடியற கோடு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு தீவு. வெட்டி முடிச்சதும் கோலம் மொத்தமா பொலபொலன்னு கொட்டிடும்.

மாட வீதித் தகரத் தட்டைச் செஞ்சவர் இதை எப்படித் தீர்த்தார்? கோட்டையே வெட்டல. கோட்டை ஓட்டைகளோட வரிசையா மாத்திட்டார். ரெண்டு ஓட்டைக்கு நடுவுல தகரம் இருக்கறதால எந்தத் தீவும் விழாது. மாவு கொட்டினா கண்ணு தானா சேர்த்துக் கோடா படிச்சுக்கும். "கை வராதவ வாங்கறது"ன்னோமே, அந்தத் தட்டுக்குப் பின்னால இப்படி ஒரு மூளை இருக்கு. ஜிஜோக்காரங்களோட தீர்வு வேற. அவங்க உருவத்தையே வெட்டி ஒட்டினாங்க, ஒவ்வொரு துண்டும் தனித்தனியா ஒட்டிக்கும், தீவுப் பிரச்சினையே இல்ல. ஆனா ஒரு காகிதம் ஒரு கிண்ணத்தோட காலி. அடுத்த கிண்ணத்துக்கு மறுபடி கத்திரி.

மூணாவது தீர்வு ஜப்பான்ல. அங்க ஈஸே பக்கம், இன்னிக்கு சுஸுகான்னு சொல்ற ஊர்ல, கிமோனோ துணிக்கு வண்ணம் போடறதுக்காக கத்தகாமின்னு தாள் ஸ்டென்சில் வெட்டறதே ஒரு குலத்தொழில் மாதிரி இருந்துச்சு. மல்பெரிப் பட்டைத் தாளை ரெண்டு மூணா ஒட்டி, காய் பதத்துப் பெர்சிமன் பழத்தோட துவர்ச் சாறு பூசி, புகை போட்டு விறைப்பாக்கி, அதுல ஊசி நுனி அளவு ஓட்டைகளா குத்துவாங்க. தீவுகளைத் தாங்கறதுக்குத் தாளோட ரெண்டு அடுக்குக்கு நடுவுல பட்டு நூலை வலை மாதிரி பின்னுவாங்க. வண்ணம் ஒத்தினா நூலோட தடமே தெரியாது. பாலமே இல்லாத பாலம்!

இந்தத் தாளை அரிட்டா பக்கத்துப் பீங்கான்காரங்க 17ம் நூற்றாண்டுக் கடைசியிலேயே கடன் வாங்கிட்டாங்க. கொஞ்ச காலம் ஓடி, பிறகு மங்கிப் போச்சு. மறுபடி உயிர் வந்தது 1868க்கு அப்புறம், மெய்ஜி காலத்துல. காட்ஃப்ரீட் வாகனர்னு ஒரு ஜெர்மன் வேதியியல்காரர் 1870ல அரிட்டாவுக்கு வந்து, ஐரோப்பியத் தயாரிப்பு கோபால்ட்டைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுத்தார். அதுவரைக்கும் நீலத்துக்கான இயற்கைத் தாது விலை ஜாஸ்தி. நீலம் மலிஞ்சதும் ஸ்டென்சில் தாள் திரும்ப வெளியில வந்துச்சு. அது வரைக்கும் மரக்கிண்ணத்துலயும் முரட்டு மண்சட்டியிலயும் சாப்பிட்டவங்க வீட்டுக்குப் பூப்போட்ட நீலப் பீங்கான் போய்ச் சேர்ந்துச்சு.

இந்த மாதிரிக் கிண்ணம் ஒண்ணு மெல்பர்ன்ல பழைய சாமான் கடையில எனக்குச் சிக்குச்சு. கண்ணாடிப்பெட்டியில வைக்கற சரக்கு இல்ல, சோறு தின்னு தேஞ்ச கிண்ணம். வெளிப்பக்கம் வளைவா இருக்கறதால ஒரே தாளைச் சுத்த முடியாது. முக்கோணமா துண்டு துண்டா வெட்டின தாளை ஒண்ணொண்ணா வெச்சு ஒத்தியிருக்காங்க. ஒரு எடத்துல ரெண்டு துண்டும் சந்திக்கும்போது ஒரு பூவோட பாதி இன்னொரு பூ மேல ஏறி உக்காந்திருக்கு. அந்த எடத்துல நீலம் திட்டா அழுத்தமா இருக்கு, பக்கத்துல வெளிறியிருக்கு. பிரஷ்ஷை எவ்வளவு அழுத்தி ஒத்தினாங்கங்கறது 100 வருஷத்துக்கு மேல ஆகியும் தெரியுது. ஆற்ற கைன்னு பேரு தெரியாது. ஆனா கை இருந்துச்சு.

இப்ப வர்ற விஷயத்தைப் படிச்சப்பதான் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்தேன்.

'கையால் வரைந்தது'ன்னா ஐரோப்பாவுல முதல்ல ஞாபகத்துக்கு வர்றது நெதர்லாந்தோட டெல்ஃப்ட் ஓடு. வெள்ளைப் பின்னணியில நீலத்துல காற்றாலை, கப்பல், விளையாடற குழந்தைங்க. 17ம் நூற்றாண்டுச் சரக்குக்கு இன்னிக்கு ஏலத்துல நல்ல விலை. அந்த ஓடு எப்படிச் செய்வாங்கன்னா, ஒரு முறை சுட்ட ஓட்டை வெள்ளை கிளேஸ் கரைசல்ல முக்குவாங்க. காய்ஞ்சதும் அது மேல்பரப்பு சுண்ணாம்பு மாதிரி பொடியா நிக்கும். பிரஷ்ஷை வெச்ச உடனே நீலத்தை உறிஞ்சிடும், அழிச்சுத் திருத்த வழியே கிடையாது. அதனால படத்தோட கோடு முழுக்க ஊசியால ஓட்டை போட்ட ஒரு காகிதத்தை ஓட்டு மேல வைப்பாங்க. துணிப் பொட்டலத்துல கட்டின கரித்தூளை அதுல தட்டுவாங்க. ஓட்டை வழியா கரி இறங்கிப் புள்ளிப் புள்ளியா படம் விழும். அது மேல பிரஷ் ஓட்டுவாங்க.

நம்ம கோலத் தட்டேதான்! மாவுக்குப் பதில் கரி, தகரத்துக்குப் பதில் காகிதம்.

இதோட முடியல. டச்சுக்காரங்க பழவேற்காட்டுலயும் நாகப்பட்டினத்துலயும் கோட்டை கட்டி உக்காந்து வாங்கிட்டுப் போனாங்களே சோழமண்டலக் கரையோட சித்திரத் துணி, அதை எழுதினவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கேர்தூன்னு பிரெஞ்சு பாதிரியார் ஒருத்தர் 1742ல எழுதின கடிதத்துல செய்முறையை விவரமா சொல்றார். (சமஸ்கிருதமும் லத்தீனும் உறவுக்காரங்கன்னு வில்லியம் ஜோன்ஸுக்கு முன்னாடியே 1767ல எழுதினாரே, அதே ஆளுதான்.) காகிதத்துல வரைஞ்ச படத்தை ஊசியால குத்தி, துணி மேல விரிச்சு, கரித்தூள் தட்டி, அந்தப் புள்ளிகள் மேல தூரிகையால எழுதினாங்க. அப்ப டெல்ஃப்ட்ல ஓடு எழுதினவனும் நம்ம கரையில சீலை எழுதினவனும் கிட்டத்தட்ட ஒரே கால கட்டத்துல, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலேயே, ஒரே தந்திரத்தை வெச்சுப் பொழச்சிருக்காங்க.

ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. டெல்ஃப்ட் ஓடு சூளைக்குள்ள போனதும் கரி எரிஞ்சு போயிடும். துணியைத் துவைச்சா கரி போயிடும். அச்சு வெச்சதுக்குத் தடயமே இல்ல. மிச்சம் நிக்கறது பிரஷ் கோடு மட்டும், அதனால அது 'கையால் வரைந்தது'. ஜப்பான் கிண்ணத்துலயும் அக்காவோட தட்டுலயும் அச்சோட ஓரம் வெளிப்படையா தெரியுது, அதனால அது 'ஸ்டென்சில்'. தடயத்தை எரிச்சவன் ஓவியன், எரிக்காதவன் அழுகுணி ஆட்டக்காரன். சந்தைக்காரங்களோட விதியை இந்த வெளிச்சத்துல படிச்சா, அவங்க விலக்கினது அச்சை இல்ல, அச்சோட நேர்மையை.

இதை அக்கா கிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "அப்ப கரித்தூள் போட்டா ஓம், பேப்பர் ஒட்டினா இல்லை, என்ன?" அப்படின்னுட்டு மறுபடி கத்திரியை எடுத்துட்டாங்க. அடுத்த விண்ணப்பத்துல வெட்டின தாளையும் தட்டு பக்கத்துல வெச்சுப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. இன்னும் பதில் வரல.

நியாயமா ஒண்ணு சொல்லணும். சந்தைக்காரங்களோட பயத்துலயும் அர்த்தம் இருக்கு. கைத்தொழிலைத் தின்ன ஒரு அச்சு நிஜமாவே வந்துச்சு, ஆனா அது ஸ்டென்சில் இல்ல. 1756ல லிவர்பூல்ல ஜான் சாட்லர், கை கிரீன்னு ரெண்டு பேர், செப்புத்தகட்டுல அச்சடிச்ச படத்தைக் காகிதத்துலேர்ந்து ஓட்டுக்கு மாத்தற வித்தையைக் கண்டுபிடிச்சு, ஆறு மணி நேரத்துல 1,200 ஓட்டுக்கு மேல அச்சடிச்சோம்னு சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்தாங்க. திறமையான நூறு பேர் அவ்வளவு நேரத்துல வரையக்கூடியதை விட ஜாஸ்தின்னும் அதுல பெருமை வேற. பேருலயே 'கை' இருக்கற ஆளு கைவேலைக்கு ஆப்பு வெச்சுட்டாரு :-) ஜப்பான்லயும் 1880கள் கடைசிக்கப்புறம் செப்புத்தகடு வந்துதான் ஸ்டென்சிலை ஓரங்கட்டுச்சு. அதாவது மெஷின் அச்சால வேலை போனவங்க பட்டியல்ல ஸ்டென்சில்காரங்களும் உண்டு. அவங்களையே மெஷின் கூட்டத்துல சேர்த்து வெளிய தள்றது என்ன நியாயம்?

ஸ்டென்சிலுக்கு அரசியலும் உண்டு. 1920கள் கடைசியில ஜெர்மனியில உலோகத் தகட்டு ஸ்டென்சிலை வெச்சுக் காத்துப்பீச்சியால வண்ணம் தெளிச்ச பாண்டங்கள் வந்துச்சு. ஷ்ப்ரிட்ஸ்டெகோர்னு பேரு. கேக் தட்டு, காபிக் கூஜா, சாதாரண ஜனங்க வாங்கற விலை. மேல இருந்ததோ வட்டம், முக்கோணம், ஓரத்துல அழுத்தமா ஆரம்பிச்சு மெல்லக் கரையற நிறம். காண்டின்ஸ்கி ஓவியம் மாதிரி இருக்கும். அருங்காட்சியகத்துல நுழையாத மனுஷன் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நவீன ஓவியம் ஸ்டென்சில் வழியா வந்துடுச்சு. 1933ல நாஜிங்க வந்தாங்க, அந்தப் பாணி அவங்களுக்கு ஆகல. தகடுகள் மாறி, தட்டுல மறுபடி பூங்கொத்து பூத்துச்சு. ஒரு ஆட்சி பயப்படற அளவுக்குத் தட்டுல முக்கோணம் இருந்திருக்கு.

ஆஸ்திரேலியாவுல இந்த இளக்காரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னும் கொஞ்சம் யோசிச்சேன். இங்க 1950, 60கள்ல உருவான குயவர் தலைமுறைக்கு ஜப்பான்தான் குருகுலம். சிட்னியோட பீட்டர் ரஷ்ஃபோர்த் (1920–2015) அதுல முக்கியமானவர். சிங்கப்பூர் விழுந்தப்ப ஜப்பான்காரங்க கிட்ட கைதியாகி, சாங்கி, சயாம் ரயில் பாதைன்னு போர் முடியற வரைக்கும் அடைபட்டவர். நம்ம மலேயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்குல செத்து விழுந்த அதே மரண ரயில். அப்பேர்ப்பட்டவர் 1963ல ஜப்பானுக்கே போய்க் குயவர்களோட வேலை கத்துக்கிட்டு வந்தார். பல வருஷம் சிட்னியில சொல்லியும் கொடுத்தார். அந்த மனசைப் பத்தித் தனிப் பதிவே போடலாம்.

அந்தத் தலைமுறை ஜப்பான்லேர்ந்து கொண்டு வந்தது நெருப்பும், ஓடற கிளேஸும், ஒரே வீச்சுல முடியற பிரஷ் கோடும். ஹமாதா ஷோஜியோட பாணி. ஆனா அதே ஹமாதாவோட மக்கள் கலை வட்டத்துல செரிஸாவா கெய்ஸுகேன்னு ஒருத்தர் இருந்தார், வாழ்நாள் முழுக்க ஸ்டென்சில் வெட்டித் துணியிலும் தாள்லயும் வண்ணம் போட்டவர். ஜப்பான் அரசு ஹமாதாவை 1955ல வாழும் தேசியச் செல்வம்னு அறிவிச்சுது, செரிஸாவாவை 1956ல. அங்க ரெண்டு பேரும் ஒரே தட்டுல. கப்பலேறி இங்க வந்தது பிரஷ் மட்டும், கத்தி அங்கேயே நின்னுடுச்சுன்னு எனக்குத் தோணுது. இது என் ஊகம்தான், குயவர் சங்கத்துக்காரங்க யாராவது படிச்சா சண்டைக்கு வரலாம்.

அதை விட எனக்கு முக்கியமாப் பட்டது இன்னொரு தகவல். அதே 1955ல ஈஸே ஊர்ல கத்தகாமி வெட்டற ஆறு பேரையும் ஜப்பான் தேசியச் செல்வங்களா அறிவிச்சுது. துணிக்கு வண்ணம் போட்டவங்களை இல்ல, தாளை வெட்டினவங்களை. அதுலயும் உளியால குத்தறவர், கோடு வெட்டறவர்னு தனித்தனி. நடுவுல பட்டு நூல் பின்னறதுக்கும் ஒரு தனி இடம். தாளை வெட்டினது ஆற்ற கைங்கற கேள்விக்கு ஒரு அரசாங்கம் பேரைச் சொல்லிப் பதில் சொன்ன ஒரே எடம், எனக்குத் தெரிஞ்சு, அதுதான்.

கடைசியா நம்ம ஊர். தமிழ்நாட்டுல இந்த வேலைக்குக் கிட்டத்துல வர்றது செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல். காரைக்குடிப் பக்கம். சூளையில சுடறதில்ல, சிமெண்ட்ல செஞ்சு தண்ணியில ஊறப் போடறது, அதனால செராமிக்னு சொன்னா கண்டிப்பானவங்க அடிக்க வருவாங்க. ஆனா அலங்காரம் முழுக்க அச்சுதான். சதுரக் கண்ணாடித் துண்டு மேல இரும்புச் சட்டத்தை வெச்சு, அதுக்குள்ள பூ வடிவத்துல அறை அறையா பிரிச்ச உலோக அச்சை இறக்குவாங்க. ஒவ்வொரு அறையிலயும் ஒவ்வொரு நிறச் சிமெண்ட் கரைசலைச் சின்னக் கரண்டியால ஊத்துவாங்க. அச்சை அசையாம மேல தூக்கணும். அது மேல உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவை, பிறகு ஈரக் கலவை, மட்டம் பண்ணிக் காய வெச்சு, தண்ணித் தொட்டியில சில நாள். கண்ணாடி தன்னால விட்டுக்கும். கண்ணாடியைத் தொட்டுட்டிருந்த பக்கம்தான் மேல்பக்கம். பாலிஷ் எதுவும் இல்லாமலேயே அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுக்கறது. சிமெண்ட் ஓட்டுல இந்த மாதிரி அறை பிரிச்ச அச்சு 1850கள்ல பிரான்ஸோட விவியே ஊர்ப் பக்கம் பிறந்து உலகம் சுத்தின வித்தை. செட்டியார் வீடுகள்ல இங்கிலாந்து ஓடும் ஜப்பான் ஓடும் கப்பல்ல வந்து சுவர் ஏறினது ஒரு பக்கம், தரையில உள்ளூர் மண்ணுல பண்ண கல் படுத்துக்கிட்டது இன்னொரு பக்கம்.

இதுல தீவுப் பிரச்சினைக்கு நாலாவது தீர்வு இருக்கு, கவனிச்சீங்களா. தகடு படுக்கையா இல்ல, செங்குத்தா நிக்குது. கோடே சுவராகிடுச்சு, சுவருக்கு உள்ளயும் வெளியயும் வண்ணம். எந்தத் தீவும் விழாது.

அச்சைத் தூக்கற அந்த ஒரு நொடியில, சுவர் இருந்த எடத்துக்கு ரெண்டு பக்கத்து நிறமும் ஓடி வந்து சேருது. எவ்வளவு தண்ணியா கரைச்சாங்க, எவ்வளவு வேகமா தூக்கினாங்கங்கறதைப் பொறுத்துக் கோடு லேசா நெளியும். பழைய செட்டிநாட்டு வீட்டுத் தரையில குனிஞ்சு பக்கத்துப் பக்கத்துக் கல்லை ஒப்பிட்டுப் பார்த்தா தெரியும், ஒரே அச்சுதான், ஆனா இதழ் நுனி ஒண்ணுல கூர்மையா, அடுத்ததுல மழுங்கலா. அச்சே வெக்காம கரண்டி ஓட்டத்துலயே பூப் போடற கைகாரங்களும் அதே பட்டறைங்கள்ல உண்டு. ரெண்டு வகைக் கல்லும் ஒரே தொட்டியிலதான் ஊறும்.

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பதிவர்கள் யாராவது இருந்தா ஒரு உதவி. ஆத்தங்குடிப் பட்டறையில கல் போடறவங்களைப் பத்திப் பத்திரிகைல நிறைய எழுதறாங்க. அந்த உலோக அச்சை வளைச்சுப் பத்த வெக்கறவர் யாரு, எந்த ஊரு, பழைய வீட்டுத் தரையைப் பார்த்து எடுக்கறாரா, தானா வரையறாரா? அடுத்த தடவை அந்தப் பக்கம் போறப்ப கேட்டுட்டு வந்து பின்னூட்டத்துல போடுங்க. அக்காவும் படிப்பாங்க.